பல்செட் கட்டப் போறீங்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன்பு இதை படிங்க

ரூ.6 ஆயிரத்துக்கும் பல்செட் இருக்கு, ரூ.60 ஆயிரத்துக்கும் இருக்கு: எதற்கு எவ்வளவு? முழு விவரம்

சென்னை:-

"மாமா, பல்செட்டை போட்டுக்கிட்டு சாப்பிடுங்க."

"அட போம்மா. அதை போட்டா ஈறெல்லாம் எரியுது. ரசத்துல கரைச்சு கொடு, போதும்."

சென்னையில் பல வீடுகளில் தினமும் மதியம் நடக்கும் பேச்சு இது. ஆயிரக்கணக்கில் செலவு செய்து கட்டிய பல்செட் அலமாரியில் டம்ளர் தண்ணீரில் கிடக்கும். பெரியவர் குழைந்த சோறும் ரசமுமாக காலத்தை ஓட்டிக்கொண்டு இருப்பார்.

கறி சாப்பிட்டு வருஷக்கணக்காகி இருக்கும். வேர்க்கடலை, சுண்டல், கேரட், ஆப்பிள் எல்லாம் அவருக்கு மறந்தே போயிருக்கும். உடம்பு இளைத்துக்கொண்டே போகும். கேட்டால் "வயசாயிடுச்சு, அதான்" என்று வீட்டில் சொல்வார்கள்.

வயசு மட்டும் காரணம் இல்லை. பல்செட் சரியாக உட்காரவில்லை என்பதும் ஒரு காரணம்.

அந்த செட்டை கட்டும்போது "எவ்வளவு ஆகும்?" என்று கேட்டார்கள். "அந்த காசுக்கு என்னென்ன செய்வீங்க?" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்த நிலைமை வந்திருக்காது.

பல்செட் கட்டப் போகிறவர்களும், அப்பா அம்மாவை அழைத்துப் போகிறவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய விவரங்கள் வருமாறு:-

பல் போனால் எலும்பும் கரையும்

பல்லை பிடுங்கியதும் கதை முடிந்துவிடுவது இல்லை. பல்லை தாங்கிக்கொண்டு இருந்த தாடை எலும்பு அதன்பிறகு கொஞ்சம் கொஞ்சமாக கரைய ஆரம்பிக்கும். முதல் வருஷம் இந்த கரைசல் வேகமாக இருக்கும். அப்புறம் மெதுவாக, ஆனால் நிற்காமல் நடக்கும்.

மேல் தாடையை விட கீழ் தாடையில்தான் இது அதிகம். நீண்ட காலத்தில் சுமார் 4 மடங்கு வித்தியாசம் வந்துவிடும். பல் இல்லாத தாத்தா, பாட்டிகளுக்கு மூக்கும் தாடையும் நெருங்கி வந்த மாதிரி முகம் மாறுவது இதனால்தான்.

பல்செட் உட்காருவது இந்த எலும்பு மேட்டின் மேல்தான். இன்றைக்கு கச்சிதமாக இருக்கும் செட் 3 வருஷம் கழித்து லொட லொட என்று ஆடினால், செட் பெரிதாகி விட்டது என்று அர்த்தம் இல்லை. அடியில் இருக்கும் எலும்பு குறைந்துவிட்டது.

அதனால் பல் பிடுங்கிய உடனே அவசரப்பட்டு அளவு கொடுக்கக்கூடாது. ஈறு ஆறி மேடு ஒரு நிலைக்கு வர குறைந்தது 2, 3 மாதம் ஆகும். சிலருக்கு 6 மாதம் கூட ஆகும்.

"அதுவரை வாயில பல் இல்லாம எப்படி வெளியே போறது? பொண்ணு கல்யாணம் இருக்கு" என்பவர்களுக்கு, பல் பிடுங்கும் அன்றே மாட்டிவிடும் தற்காலிக செட் உண்டு. ஆனால் ஈறு சுருங்க சுருங்க அது லூசாகும். நடுவில் உள்பக்கம் சரிசெய்ய வேண்டும். கொஞ்ச மாதம் கழித்து புது செட்டும் கட்ட வேண்டியிருக்கும். இரண்டு செலவு என்பதை முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும்.

எல்லா பல்லையும் பிடுங்கணுமா?

"மிச்சம் இருக்கிறது 4 பல்தான். அதையும் எடுத்துட்டா முழு செட் கட்டிடலாம்" என்று சிலர் நினைக்கிறார்கள். இது தவறு.

ஆடாமல், சீழ் இல்லாமல் இருக்கும் பல் ஒன்றிரண்டு இருந்தால் கூட அதை காப்பாற்ற முடியுமா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். முக்கியமாக கீழ் தாடையில் இருக்கும் கோரைப்பல்.

அந்த பல்லுக்கு வேர் சிகிச்சை செய்து, உயரத்தை குறைத்து, அதன் மேல் பல்செட்டை உட்கார வைக்கும் முறை உண்டு. வேர் உள்ளே இருக்கும் வரை அந்த இடத்து எலும்பு சீக்கிரம் கரையாது. செட்டுக்கும் பிடிமானம் கிடைக்கும்.

பல் பிடுங்கும் முன்பு சர்க்கரை, ரத்த அழுத்தம் பற்றி டாக்டரிடம் மறைக்கக்கூடாது. இதயத்துக்காக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த மாத்திரையை தானாக நிறுத்தவும் கூடாது.

எத்தனை வகை? என்ன விலை?

சென்னையில் தனியார் கிளினிக்குகளில் ஆகும் செலவு ஏரியாவுக்கு ஏரியா, டாக்டருக்கு டாக்டர் மாறும். கீழே இருப்பது ஒரு உத்தேச கணக்குதான்.

ஒன்றிரண்டு பல்லுக்கு கழற்றி மாட்டும் செட்:- சாதாரண அக்ரிலிக்கில் செய்வது. ஒரு பல்லுக்கு சுமார் ரூ.500 முதல் ரூ.2 ஆயிரம் வரை. விலை குறைவு. ஆனால் பிளேட் தடிமனாக இருக்கும்.

உலோக பிளேட் செட்:- கொஞ்சம் பல் மிச்சம் இருப்பவர்களுக்கு. கோபால்ட் குரோமியம் என்ற உலோகத்தில் வார்த்து எடுப்பார்கள். மெல்லிசாக இருக்கும், சுலபத்தில் உடையாது. மிச்ச பற்கள் மேல் கொக்கி போல பிடித்து நிற்கும். சுமார் ரூ.8 ஆயிரம் முதல் ரூ.20 ஆயிரம் வரை.

பிளெக்சிபிள் செட்:- வளைந்து கொடுக்கும் நைலான் வகை. கம்பி தெரியாது, ஈறு நிறத்திலேயே இருக்கும். பார்க்க அழகு. பல் எண்ணிக்கையை பொறுத்து சில ஆயிரங்கள் ஆகும்.

முழு செட், சாதாரண அக்ரிலிக்:- மேலும் கீழும் சேர்த்து சுமார் ரூ.8 ஆயிரம் முதல் ரூ.25 ஆயிரம் வரை. இதை விட குறைத்து கட்டித் தருகிறவர்களும் உண்டு.

முழு செட், உடையாத ரக அக்ரிலிக்:- கீழே விழுந்தாலும் சட்டென்று உடையாது. சுமார் ரூ.20 ஆயிரம் முதல் ரூ.40 ஆயிரம் வரை.

பி.பி.எஸ். முறை முழு செட்:- அளவு எடுப்பது, கடி பதிவு செய்வது, வார்ப்பது எல்லாவற்றுக்கும் தனி கருவிகள் உள்ள முறை. ரூ.40 ஆயிரத்துக்கு மேல்.

இம்பிளாண்ட் மேல் மாட்டும் செட்:- கீழ் தாடை எலும்பில் 2 டைட்டானியம் திருகுகளை பதித்து, அதில் பட்டன் போல செட்டை மாட்டுவது. சுமார் ரூ.80 ஆயிரம் முதல் ரூ.1½ லட்சம் வரை.

கழற்றவே முடியாத முழு பிக்ஸட் பல்:- ஒரு தாடைக்கு 4 அல்லது 6 இம்பிளாண்ட் வைத்து கட்டுவது. ஒரு தாடைக்கே லட்சங்களில் போகும்.

மருத்துவ காப்பீடு இருக்கிறதே என்று நம்பி இறங்க வேண்டாம். விபத்தில் அடிபட்டால் தவிர, பல் கட்டும் செலவை பெரும்பாலான பாலிசிகள் கொடுப்பதில்லை. பாலிசி பத்திரத்தை ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது.

ஒரே பல்செட், விலை ஏன் மாறுது?

"பல்லு என்ன தங்கமா? அவர் 10 ஆயிரம் சொல்றாரு, இவர் 30 ஆயிரம் சொல்றாரு" என்று பலர் குழம்புகிறார்கள்.

ஒரு முழு செட்டில் இருப்பது மேலே 14, கீழே 14 ஆக மொத்தம் 28 பல். கடைசி கடவாய்ப்பல் (ஞானப்பல்) வைப்பது இல்லை. இந்த பற்கள் கம்பெனியில் இருந்து அட்டையில் ஒட்டி ரெடிமேடாக வரும். சாதாரண ரகம், சீக்கிரம் தேயாத ரகம் என்று அதில் விலை வித்தியாசம் உண்டு.

பிளேட் செய்யும் அக்ரிலிக்கிலும் ரகங்கள் இருக்கின்றன. பிறகு லேப் செலவு. டாக்டர் எடுத்த அளவை வைத்து செட்டை வார்ப்பது டெண்டல் மெக்கானிக். நல்ல மெக்கானிக்கின் கைவேலைக்கு தனி விலை.

ஆனால் இவை எல்லாவற்றையும் விட முக்கியமானது டாக்டர் செலவழிக்கும் நேரம். எத்தனை தடவை உட்கார வைத்து அளவு பார்க்கிறார், மாட்டிய பிறகு எத்தனை தடவை சரிசெய்து தருகிறார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

தையல்கார் உதாரணம் சொன்னால் புரியும். துணி எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் அளவு தப்பினால் சட்டை போட முடியாது. சுமாரான துணியாக இருந்தாலும் அளவு சரியாக இருந்தால் தினமும் போடலாம். பல்செட்டும் அப்படித்தான். சாதாரண அக்ரிலிக் செட்டையே ஒழுங்காக அளவெடுத்து கட்டினால் வருஷக்கணக்கில் நிம்மதியாக சாப்பிடலாம்.

5 தடவை போக வேண்டும்

முழு செட் கட்ட சாதாரணமாக 5 தடவை டாக்டரிடம் போக வேண்டியிருக்கும்.

முதல் தடவை:- வாயை பரிசோதித்து, மாவு போன்ற பொருளை தட்டில் வைத்து மேலோட்டமாக அளவு எடுப்பார்கள்.

2-வது தடவை:- அந்த அளவை வைத்து உங்கள் வாய்க்கு என்றே செய்த தனி தட்டில் நுணுக்கமான அளவு எடுப்பார்கள். உதட்டை அசைக்க, நாக்கை நீட்ட சொல்வார்கள். செட்டின் ஓரம் எதுவரை வர வேண்டும் என்று முடிவாவது இதில்தான். இந்த 2-வது அளவை எடுக்காமல் விட்டால் வேலை சுருங்கும், விலையும் குறையும். கஷ்டம் நமக்கு.

3-வது தடவை:- மெழுகு கட்டையை வாயில் வைத்து கடிக்க சொல்வார்கள். "கொஞ்சம் மெதுவா கடிங்க ஐயா, எச்சிலை முழுங்குங்க" என்று டாக்டர் சொல்வது இங்கேதான். மேல் தாடைக்கும் கீழ் தாடைக்கும் நடுவே எவ்வளவு உயரம் என்று பதிவு செய்வார்கள். உயரம் கூடினால் பேசும்போது டக் டக் என்று பல் இடிக்கும், தாடை வலிக்கும். உயரம் குறைந்தால் முகம் ஒடுங்கிப் போகும்.

4-வது தடவை:- மெழுகில் பல்லை அடுக்கி மாட்டிப் பார்ப்பது. இதுதான் ரொம்ப முக்கியம்.

5-வது தடவை:- செட் ரெடி. மாட்டி, உறுத்தும் இடங்களை தேய்த்து சரிசெய்து கொடுப்பார்கள்.

இதில் 4-வது தடவை வீட்டில் இருந்து ஒருவரை கூட அழைத்துப் போங்கள். கண்ணாடியில் பாருங்கள், வெளிச்சத்தில் நின்று பாருங்கள். 1-ல் இருந்து 20 வரை சத்தமாக எண்ணிப் பாருங்கள். பல் ரொம்ப பெரிசா, நிறம் ரொம்ப வெள்ளையா, உதடு துருத்திக்கொண்டு இருக்கா என்று அப்போதே சொல்லிவிட வேண்டும். மெழுகில் இருக்கும் வரை பல்லை நகர்த்தலாம், மாற்றலாம். அக்ரிலிக்கில் வார்த்த பிறகு மாற்றுவது கஷ்டம்.

பல் தெரிய சிரித்தபடி இருக்கும் பழைய போட்டோ வீட்டில் இருந்தால் முதல் தடவையே எடுத்துப் போங்கள். கல்யாண போட்டோவாக இருந்தாலும் சரி. பல் எப்படி இருந்தது என்று பார்த்து அதே மாதிரி அடுக்க அது உதவும்.

கம்ப்யூட்டர் மூலம் அளவெடுத்து, எந்திரத்தில் செதுக்கியோ 3டி பிரிண்டரில் அச்சடித்தோ செய்யும் டிஜிட்டல் செட்டும் இப்போது வந்துவிட்டது. அதில் போக வேண்டிய தடவை குறையலாம். கம்ப்யூட்டர் கோப்பு பத்திரமாக இருப்பதால், செட் தொலைந்து போனால் அதே மாதிரி இன்னொன்று எடுக்கலாம்.

கீழ் செட் மட்டும் ஏன் ஆடுது?

"மேல் செட் கின்னுன்னு நிக்குது. கீழ் செட்தான் படகு மாதிரி மிதக்குது" என்பது பலருடைய புகார். இதற்கு டாக்டர் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது.

மேல் செட் அண்ணம் முழுவதையும் மூடுகிறது. ஈரமான 2 கண்ணாடி தகடுகள் ஒட்டிக்கொள்வது போல, எச்சில் அதை அண்ணத்தோடு ஒட்டிப் பிடிக்கிறது. கீழ் செட் குதிரை லாடம் வடிவில் இருக்கும். பரப்பு குறைவு, நடுவில் நாக்கு வேறு தள்ளிக்கொண்டே இருக்கும். கீழ் எலும்புதான் அதிகமாக கரையும் என்பதும் சேர்ந்து கொள்கிறது.

இதற்காகத்தான் கீழ் தாடையில் 2 இம்பிளாண்ட் வைக்கும் முறை. 2002-ம் ஆண்டு கனடாவில் உள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், பல்லே இல்லாத கீழ் தாடைக்கு 2 இம்பிளாண்ட் மேல் மாட்டும் செட்தான் முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்று கருத்து சொன்னார்கள்.

கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது, ஆனால் எல்லாவற்றுக்கும் பிக்ஸட் பல் கட்ட முடியாது என்கிறவர்கள், மேலே சாதாரண செட், கீழே 2 இம்பிளாண்ட் என்று யோசிக்கலாம். எலும்பு போதுமா, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் முடிவு செய்ய முடியும். புகை பிடிப்பவர்களுக்கு இம்பிளாண்ட் கைகொடுக்காமல் போகும் வாய்ப்பு அதிகம். பட்டனில் இருக்கும் ரப்பர் வளையம் தேயும், அவ்வப்போது மாற்ற வேண்டும். அதற்கும் செலவு உண்டு.

பிளெக்சிபிள் எல்லாருக்கும் ஆகாது

"வளையும், உடையாது" என்பதை கேட்டு பலர் பிளெக்சிபிள் செட்தான் வேண்டும் என்று அடம் பிடிக்கிறார்கள். ஒன்றிரண்டு பல் இல்லாதவர்களுக்கு இது வசதி. அக்ரிலிக் அலர்ஜி உள்ளவர்களுக்கும் உதவும்.

ஆனால் எலும்பு கரைந்து லூசானால் உள்பக்கம் சரிசெய்வது கஷ்டம். இன்னொரு பல் விழுந்தால் அதில் சேர்ப்பதும் சுலபம் இல்லை. வளைவதால் கடிக்கும்போது அழுத்தம் முழுக்க ஈறு மேல் இறங்கும். முழு செட்டுக்கு வளையாத பிளேட்தான் நல்லது.

அரை மணி நேரத்தில் பல் கட்டுகிறவர்கள்

பஸ் நிலையம், சந்தை பக்கம் உட்கார்ந்து உடனடியாக பல் கட்டித் தருகிறவர்களை இன்னும் சில ஊர்களில் பார்க்கலாம். சில நூறு ரூபாய்தான். அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும்.

இவர்கள் செய்வது என்னவென்றால், தானாக இறுகும் அக்ரிலிக் மாவை வாயிலேயே வைத்து, கம்பி போட்டு, பக்கத்து நல்ல பல்லோடு சேர்த்து கட்டி விடுவார்கள். கழற்ற முடியாது. அடியில் சோறு சிக்கும், நாற்றம் வரும். அந்த மாவில் இருக்கும் ரசாயன திரவம் ஈறை புண்ணாக்கும். கடைசியில் கட்டிய பல்லோடு பக்கத்தில் இருந்த 2 நல்ல பல்லும் சேர்ந்து ஆடும். 300 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் 2 பல்லை இழக்கும் கதைதான்.

பல் டாக்டர் என்றால் குறைந்தது பி.டி.எஸ். படித்திருக்க வேண்டும், பல் மருத்துவ கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணை கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பல்செட், இம்பிளாண்ட் பல் கட்டுவதில் எம்.டி.எஸ். மேல்படிப்பு படித்தவர்களும் இருக்கிறார்கள்.

ஒற்றைப்பல் செட் உஷார்

முழு செட்டை விட ஆபத்தானது ஒரு பல், 2 பல் உள்ள சின்ன செட். தூக்கத்திலோ, போதையிலோ, தண்ணீர் குடிக்கும்போதோ தொண்டைக்குள் போய்விடும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அக்ரிலிக் எக்ஸ்ரேயில் சரியாக தெரியாது. கம்பி இருந்தால் அந்த கம்பி மட்டும் தெரியும். அதனால் செட்டை காணவில்லை, தொண்டை வலிக்கிறது என்றால் "வீட்டுலதான் எங்கேயாவது இருக்கும்" என்று தேடிக்கொண்டு இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு போக வேண்டும். பல்செட் போட்டிருந்த விஷயத்தை டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

லூசான சின்ன செட்டை "இன்னும் கொஞ்ச நாள் ஓடும்" என்று வைத்துக்கொள்ளவே கூடாது.

குறைந்த செலவில் எங்கே கட்டலாம்?

சென்னை கோட்டை ரெயில் நிலையம் அருகே தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. 1953-ம் ஆண்டு தொடங்கியது. செயற்கை பல் கட்ட தனி பிரிவே உண்டு. வெளியே ஆகும் செலவோடு பார்த்தால் இங்கே செலவு மிகவும் குறைவு.

போரூர், ராமாபுரம், மதுரவாயல், வேலப்பன்சாவடி, கிழக்கு கடற்கரை சாலை பகுதிகளில் தனியார் பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. அங்கு பயிற்சி மாணவர்கள், பேராசிரியர்கள் மேற்பார்வையில் பல் கட்டுவார்கள். தனி கிளினிக்கை விட பொதுவாக கட்டணம் குறைவாக இருக்கும்.

"மாணவன் கையில வாயை கொடுக்கறதா?" என்று பயப்பட வேண்டாம். ஒவ்வொரு கட்டத்தையும் பேராசிரியர் பார்த்து சரி என்று சொன்ன பிறகுதான் அடுத்த கட்டம். எந்த படியையும் தாண்டிப் போக முடியாது. ஆனால் நேரம் ஆகும். காலையிலேயே போக வேண்டும், பல தடவை அலைய வேண்டும். பொறுமையும், கூட வர ஒரு ஆளும் இருந்தால் பணம் இல்லாதவர்களுக்கு இது நல்ல வழி.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்பு கேட்க வேண்டியவை

1. சொல்லும் தொகை மேல், கீழ் 2 செட்டுக்குமா, ஒன்றுக்கு மட்டுமா?

2. பல் பிடுங்கும் செலவு, எக்ஸ்ரே செலவு இதில் அடக்கமா?

3. எத்தனை தடவை வர வேண்டும்? மெழுகில் மாட்டிக் காட்டுவீர்களா?

4. எந்த ரக அக்ரிலிக், எந்த ரக பல்?

5. மாட்டிய பிறகு உறுத்தினால் தேய்த்து சரிசெய்ய தனி காசா? எத்தனை மாதம் வரை இலவசம்?

6. உடைந்தால், லூசானால் சரிசெய்ய எவ்வளவு ஆகும்?

7. இம்பிளாண்ட் என்றால் திருகு, மேல் பாகம், பல் எல்லாம் சேர்த்த விலையா, திருகுக்கு மட்டுமா?

பதிலை ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பணத்துக்கு ரசீது கேளுங்கள். 2 இடத்தில் விசாரித்து ஒப்பிடும்போது தொகையை மட்டும் பார்க்காமல் இந்த 7 பதில்களையும் வைத்து ஒப்பிடுங்கள். ரூ.12 ஆயிரம் சொன்னவர் தனித்தனியாக சேர்த்து கடைசியில் ரூ.20 ஆயிரத்தை தாண்டலாம். ரூ.18 ஆயிரம் சொன்னவர் எல்லாவற்றையும் அதற்குள்ளேயே முடிக்கலாம்.

மாட்டிய பிறகு என்ன செய்யணும்?

முதல் வாரம் கஷ்டமாகத்தான் இருக்கும். வாயில் எச்சில் ஊறும், வார்த்தை குழறும், நாக்குக்கு இடம் இல்லாத மாதிரி தோன்றும். இதெல்லாம் போகப் போக சரியாகும். தினமும் பேப்பரை சத்தமாக படித்தால் பேச்சு சீக்கிரம் திருந்தும்.

முதலில் இட்லி, இடியாப்பம், நன்றாக வெந்த காய் என்று ஆரம்பியுங்கள். சின்ன சின்ன துண்டாக, இரண்டு பக்கமும் வைத்து மெல்லுங்கள். ஒரு பக்கமே மென்றால் மறுபக்கம் செட் தூக்கும். முன்பல்லால் கொய்யா, கரும்பு கடிக்கக்கூடாது. முழு செட்டில் கடிக்கும் பலம் சொந்தப் பல்லில் கால் பங்குதான், சிலருக்கு அதை விடவும் குறைவு. இது தெரிந்தால் ஏமாற்றம் வராது.

அண்ணம் மூடி இருப்பதால் சூடு சட்டென்று தெரியாது. டீ, காபியை பார்த்து குடிக்க வேண்டும்.

ராத்திரி கழற்றி தண்ணீரில் போடுங்கள். 24 மணி நேரமும் போட்டிருந்தால் அண்ணத்தில் காளான் தொற்று வந்து சிவந்து போகும். கொதிக்கும் தண்ணீரில் போட்டால் செட் வளைந்துவிடும். பற்பசை போட்டு தேய்த்தால் கீறல் விழும். மென்மையான பிரஷ், சாதாரண சோப்பு போதும். பக்கெட்டில் தண்ணீர் வைத்து அதற்கு மேல் பிடித்து கழுவினால் கை தவறினாலும் உடையாது.

புண் வந்தால் 2 நாள் கழற்றி வைத்துவிட்டு டாக்டரிடம் போங்கள். வீட்டில் கத்தி, அரம் வைத்து நீங்களே தேய்க்க வேண்டாம். உடைந்தால் கடையில் விற்கும் பசை போட்டு ஒட்ட வேண்டாம். செட்டை பிடிக்க வைக்கும் பேஸ்ட் கொஞ்சமாக போட்டால் தப்பு இல்லை. அது இல்லாமல் செட் நிற்கவே இல்லை என்றால் செட்டை சரிசெய்ய வேண்டும். துத்தநாகம் கலந்த பேஸ்டை மாதக்கணக்கில் அள்ளி அப்பினால் நரம்பு பாதிப்பு கூட வரும்.

3 வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணை அலட்சியப்படுத்தக்கூடாது. வெற்றிலை, புகையிலை போடுகிறவர்கள் கட்டாயம் காட்ட வேண்டும். புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்வது அவசியம்.

ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு போகும் முன்பு கழற்றி வீட்டு ஆளிடம் கொடுத்துவிட வேண்டும். காகிதத்தில் மடித்து வைத்து குப்பையோடு போன பல்செட்கள் ஏராளம். மூடியுள்ள டப்பாவில் பெயர் எழுதி வைப்பது நல்லது.

ஒரு நாளைக்கு 8 ரூபாய்

ஒரு பல்செட் சாதாரணமாக 5 முதல் 7 வருஷம் வரை உழைக்கும். நடுவில் 2, 3 வருஷத்துக்கு ஒருமுறை உள்பக்கம் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ரூ.18 ஆயிரத்துக்கு கட்டிய செட் 6 வருஷம் உழைத்தால் வருஷத்துக்கு ரூ.3 ஆயிரம், மாதத்துக்கு ரூ.250. ஒரு நாளைக்கு 8 ரூபாய் சொச்சம். டீக்கடையில் ஒரு டீ கூட இந்த காசுக்கு கிடைக்காது.

ரூ.6 ஆயிரத்துக்கு அவசரமாக கட்டி, ஒரு மாதம் போட்டு டம்ளரில் போட்டுவிட்டால் ஒரு நாளைக்கு ரூ.200. அதோடு பெரியவர் திரும்பவும் ரசம் சாதத்துக்கே போய்விடுவார்.

வீட்டில் டம்ளரில் ஒரு பல்செட் கிடக்கிறதா? புதுசு வாங்கும் முன்பு அதை எடுத்துக்கொண்டு பெரியவரையும் அழைத்துக்கொண்டு ஒரு பல் டாக்டரிடம் போங்கள். பல நேரங்களில் ஓரத்தை தேய்த்தாலோ, உள்பக்கம் சரிசெய்தாலோ போதும். சில ஆயிரங்களில் வேலை முடிந்துவிடும்.

அடுத்த பண்டிகைக்கு தாத்தா தட்டிலும் ஒரு வடை வையுங்கள். அவரே மென்று சாப்பிடட்டும்.